மயிலாத்தாளின் காதுக்குள் ஓடிய வாய்க்கால்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மையச் சிரைக் குழாய் போடுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்களிடம் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. என்னைவிடப் பொறுமையான கருவி. ஊசி போகும் பாதையைத் திரையில் பார்த்துக்கொண்டே குத்துகிறீர்கள். தொண்ணூறுகளில் நாங்கள் காறை எலும்பை விரலால் தடவி, கல்லூரியில் படித்த படத்தை நினைவில் விரித்துக்கொண்டு குத்தினோம். பெரும்பாலும் சரியாகவே போனது. தவறாகப் போனவையும் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். தமனியில் இறங்கினால் ரத்தம் சிவப்பாகச் சீறும். நுரையீரலைத் தொட்டால் நோயாளி மூச்சுக்குத் திணறுவார். அந்த வகையில் கெட்ட குழாய்கள் நேர்மையானவை. நான் சொல்ல வந்தது, நல்ல குழாயைப் போலவே நடந்துகொண்ட ஒன்றைப் பற்றி.

கோவையில், அவிநாசி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருத்துவராக இருந்தேன். அறுவை அரங்கில் தூங்க வைப்பதும், எட்டுக் கட்டில் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவில் எழுப்பிவிடுவதும் என் வேலை. எட்டுக் கட்டிலுக்கு மானிட்டர்கள் மூன்று. யாருக்கு ரொம்ப மோசமோ அவர் பக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போவோம். இரண்டு ஏசி, அவற்றில் ஒன்று எப்போதும் பழுது. எக்ஸ்ரே படம் இருட்டறையிலிருந்து கிளிப்பில் தொங்கியபடி, சொட்டச் சொட்ட வரும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டையில் விழுந்த துளிகளைத் துடைத்துக்கொள்வோம். அந்த மருந்துத் தண்ணீரின் புளித்த வாசனை என் வெள்ளைக் கோட்டுகளில் துவைத்தும் போகவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் கோட்டுகளில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவுக்குள் வரும் எல்லோரும் பச்சைத் துணி முகமூடி கட்ட வேண்டும் என்பது விதி. கிருமித் தொற்று பற்றிப் புதிதாகப் படித்திருந்த உற்சாகத்தில் அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். மூக்குக்குக் கீழே இறக்கி விட்டவர்களை வாசலுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மயிலாத்தாளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சூலூருக்கு அந்தப்பக்கம் ஒரு தறிக்குடோனில் அவரும் அவர் கணவர் சென்னியப்பனும் விசைத்தறி ஓட்டினார்கள். டைபாய்டில் குடல் ஓட்டையாகி, அதைச் சூட்டு வலி என்று நினைத்து மூன்று நாள் சோடாவும் இளநீரும் குடித்துவிட்டு, நான்காம் நாள் எங்களிடம் வந்தார். எங்கள் தலைமை அறுவை மருத்துவர், நாங்கள் சீஃப் என்று அழைத்தவர், வயிற்றைத் திறந்து கழுவித் தைத்து எங்கள் பிரிவுக்கு அனுப்பினார். ரத்த அழுத்தம் தொண்ணூறைத் தாண்டவில்லை. அந்தத் தொண்ணூறையும் டோபமின் சொட்டுகள்தான் தாங்கிப் பிடித்திருந்தன. வலது நுரையீரலின் அடியில் நிமோனியா வேறு. பல நாட்களுக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்க முடியாது. அடர்த்தியான குளுக்கோஸ் ஏற்றியாக வேண்டும். கையிலுள்ள சின்னச் சிரைகள் அதைத் தாங்காமல் வெந்துபோகும். ஆகவே வலது காறை எலும்புக்குக் கீழே குத்தி, இதயத்தின் வாசல் வரை ஒரு குழாய்.

காலை பதினொரு மணிக்குப் போட்டேன். ஒரே குத்து. குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சிரிஞ்சை இழுத்தால் கருஞ்சிவப்பு ரத்தம் தாராளமாகத் திரும்பி வந்தது. சொட்டு மருந்து தடையில்லாமல் ஓடியது. என்னை நானே பாராட்டிக்கொள்ள இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

குழாயின் முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்க வந்தவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். எங்கள் யாரையும்விட அதிக நெஞ்சுக்கூடுகளைப் பார்த்தவர். ஈரப் படத்தோடு வந்து நின்றார்.

“டாக்டர், பெரிய எக்ஸ்ரே தட்டு ரெண்டும் ஆபரேசன் தியேட்டருக்குப் போயிருச்சுங்க. சின்னதுல எடுத்தேன், கழுத்து வரலை. அரை மணி நேரம் பொறுத்தீங்கன்னா இன்னொண்ணு எடுத்துத் தந்துடறேனுங்க.”

படத்தைத் தூக்கிப் பிடித்தேன். குழாய் காறை எலும்புக்கு அடியில் நுழைந்து நடுவை நோக்கிப் போவது தெரிந்தது. அதற்குமேல் முதுகெலும்பின் வெண்மையில் கரைந்து போயிருந்தது. அன்று வோல்டேஜ் குறைவு, படமும் மங்கல். முனை எங்கே என்று தெரியவில்லை. ஆனால் அது எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் அல்லவா? அங்கேயே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முனை தெரிய ஆரம்பித்தது.

“இதோ இருக்குதே பாய்.”

“எங்கீங்க?”

“இங்கே.”

அவர் என் விரல் நுனிக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

“நீங்க சொன்னாச் சரிங்க,” என்று படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

இந்த ஊர்க்காரர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ‘சரிங்க’ என்று சொன்னால் நின்று யோசிக்க வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது. குளுக்கோஸைத் திறந்துவிடச் சொன்னேன்.

மூன்று மணிக்கு லில்லி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பிரிவின் மூத்த செவிலியர். பாலக்காட்டிலிருந்து வந்து கோவைத் தமிழில் கோவைக்காரர்களையே திட்டுமளவுக்குத் தேர்ந்தவர். மயிலாத்தாள் ஏதேதோ பேசுவதாகச் சொன்னார். கட்டிலருகே போனேன்.

“ஏனுங்க டாக்டருங்க!” என்றார் மயிலாத்தாள். பேசவில்லை, கத்தினார். “காதுக்குள்ளார வாய்க்காத் தண்ணி ஓடறாப்ல இருக்குதுங்க! நிறுத்தச் சொல்லுங்க!”

“எத்தனை நேரமா இப்படி இருக்குதும்மா?” என்றேன், முகமூடிக்குள்ளிருந்து.

“ரெண்டு பேருங்க! ரெண்டும் பொண்ணுங்க!”

“இது எந்த இடம்னு தெரியுதா?”

“மூத்தவளைக் கட்டிக் குடுத்தாச்சுங்க! சென்னிமலைல இருக்கறா!”

லில்லி சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். சேர்க்கும்போது எழுதியிருந்தார்கள்: காது கேட்காது, பத்து வருடங்களாக. கடும் தொற்று, காய்ச்சல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். எல்லாவற்றுக்கும் மேலாக, காது கேட்காத பெண்ணுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. மனக்குழப்பத்துக்கு இதைவிடச் சுத்தமான சான்று எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. தூக்கமூட்டும் ஹாலோபெரிடால் ஊசி ஒன்றை எழுதினேன். அந்த ஊசி நன்றாகவே வேலை செய்தது. மயிலாத்தாள் தூங்கினார், நாங்கள் நிம்மதியாக இருந்தோம், குளுக்கோஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் வலது தாடைக்குக் கீழே லேசான வீக்கம். தொட்டால் முகத்தைச் சுளித்தார். தலையணை சரியில்லை என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிக்குப் பார்வையாளர் நேரம். சென்னியப்பன் உள்ளே வந்தார். காலைத் துடைத்தார், முகமூடி கட்டினார், கட்டிலருகே போய் மனைவியின் முகத்தைப் பார்த்தார், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

“ஏனுங்க, அதை ஏத்திக் கட்டுங்க!” என்று லில்லி சிஸ்டர் அறையின் மறுகோடியிலிருந்து அதட்டினார். “இல்லைன்னா வெளியே போயிடுங்க. டாக்டர் என்னையத்தான் வைவாரு.”

“இதைக் கட்டுனா அவளுக்கு நாமெல்லாம் ஊமைங்க சிஸ்டர்,” என்றார் சென்னியப்பன். கோபமே இல்லை. “அவ வாயைப் பாத்துத்தானுங்க பேச்சைப் புரிஞ்சுக்குவா. குடோன்ல எல்லாருமே அப்படித்தானுங்க. தறி ஓடறப்ப எவன் கத்துனாலும் கேக்காது.”

பிறகு அவர் மனைவியிடம் பேசினார். குரல் துளியும் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. மயிலாத்தாள் அவற்றைப் பார்த்தபடி பதில் சொன்னார், வழக்கம்போல் உரக்க. எருமைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டார். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததா என்றார். போன வாரம் இழுத்துக்கொண்டு கிடந்த மூன்றாம் நம்பர் தறிக்கு மெக்கானிக் வந்தானா என்றார். மனக்குழப்பம் உள்ளவர் கேட்கும் கேள்விகள் அல்ல.

முந்தைய நாள் அவர் ஏன் மகள்களைப் பற்றிப் பேசினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சைத் துணிக்குப் பின்னால் ஏதோ கேட்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று ஊகித்து, அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஊகம் தவறு. மரியாதைக்குக் குறைவில்லை.

சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். “டாக்டருங்க, பாட்டில் ஓடறப்பத்தான் காதுல தண்ணி ஓடுதுங்கறா. பாட்டில் மாத்தறப்ப நின்னுபோகுதுங்களாமா.”

“காது கேக்காதுன்னு நீங்கதானேங்க எழுதச் சொன்னீங்க?”

“பேச்சுத்தானுங்க கேக்காது. ஆறு தறி ஓடுது, அதுல ஒண்ணு நின்னுபோச்சுன்னா, முதுகைக் காட்டிட்டு நிக்கறவ எனக்கு முன்னாலத் திரும்பிருவாளுங்க.” சொட்டு பாட்டிலைக் காட்டினார். “ஒருக்கா நிறுத்திப் பாத்தீங்கன்னாத் தேவலைங்க.”

தறிச் சத்தம் தின்பது பேச்சின் மெல்லிய ஒலிகளைத்தான். கீழே உறுமும் கனத்த ஒலிகளை அது பெரும்பாலும் விட்டுவைக்கும். இது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

சொட்டை நிறுத்திவிட்டு, சிரிஞ்சில் உப்புநீர் எடுத்துக்கொண்டு மயிலாத்தாளின் தலைக்குப் பின்னால் போய் நின்றேன். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று சென்னியப்பன் உதட்டால் சொன்னார். செலுத்தினேன்; விரல் உயர்ந்தது. நிறுத்தினேன், இறங்கியது. சிரிஞ்சைச் சும்மா பிடித்துக்கொண்டு அழுத்துவதுபோல் பாவனை செய்தேன், விரல் அசையவில்லை. லில்லி சிஸ்டரின் கண்கள் முகமூடிக்கு மேல் பெரிதாயின. நான் அழுத்தியபோதெல்லாம், அழுத்தியபோது மட்டும், விரல் உயர்ந்தது.

காதர் பாயைக் கூப்பிட்டேன். பெரிய தட்டோடு வந்தார். இந்த முறை அவர் படத்தை நீட்டியபோது ஜன்னலுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. குழாய் காறை எலும்புக்குப் பின்னால், கீழே திரும்ப வேண்டிய சந்திப்பில், மேலே திரும்பிக் கழுத்துச் சிரையில் ஏறி, தாடையின் கோணத்துக்கு அருகே நின்றது. பொள்ளாச்சிக்கு டிக்கெட் வாங்கியவன் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதுபோல. ரத்தம் திரும்பி வந்தது உண்மை, அதுவும் சிரைதானே. டோபமின் வேலை செய்ததும் உண்மை. கழுத்து ரத்தம் எப்படியும் இதயத்துக்குத்தான் போகிறது. அடர்ந்த குளுக்கோஸ் மட்டும் ஒரு முழு நாளாக, ஓட்டத்துக்கு எதிராக, காதுக்குப் பக்கத்தில் பீய்ச்சி அந்தச் சிரையின் சுவரை வேகவைத்துக்கொண்டிருந்தது. ரத்தம் அங்கே உறைந்து, உறைவு மேலே மூளைப் பக்கம் வளர்ந்தால் குடல் பிழைத்தும் பயனில்லை.

“கழுத்து வந்துருச்சுங்க,” என்றார் காதர் பாய். நேற்றே கேட்டேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். தவறான குழாயைக் கண்டதும் வரும் முதல் ஆசை, அதை உருவி எறிந்துவிட்டு அது நடக்கவே இல்லை என்பதுபோல் இருப்பது. என் கையும் குழாயைத் தோலோடு பிடித்திருந்த தையலை நோக்கிப் போனது. ஆனால் அவர் உயிர் அந்தக் குழாய் வழியாகத்தான் சொட்டிக்கொண்டிருந்தது. குளுக்கோஸை மட்டும் நிறுத்தினேன். டோபமினைத் தொடவில்லை.

சீஃபுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து படத்தைப் பார்த்தார்.

“டோபமின் ஓடுதில்லப்பா?”

“ஓடுதுங்க சார்.”

“பிரஷர் நிக்குதா?”

“நிக்குதுங்க.”

“அப்பறம் எதுக்கு நோண்டறே? ரெண்டு நாள் பொறு. இப்பப் புடுங்கி அந்தம்மாவைக் கொன்னுபோட்டு எங்கிட்ட வந்து நிக்காதே.”

முட்டாள்தனமான பேச்சு அல்ல அது. ஆனால் குளுக்கோஸ்தான் அவருக்குச் சோறு; இரண்டு நாள் அது இல்லாமல் அந்த வயிறு ஆறாது. அதே குழாயில் சோறு போட முடியாது. இடது பக்கம் புதிதாகக் குத்தலாம், சுத்தமான வேலை. ஆனால் வலது நுரையீரல் ஏற்கனவே பாதிதான் வேலை செய்கிறது. இடப்பக்கம் என் ஊசி நுரையீரலைக் கீறினால் அவருக்கு மூச்சு விட எதுவும் மிஞ்சாது. தொடையில் போடலாம், சீழ் வடியும் வயிற்றுக்குப் பக்கத்தில். மிஞ்சியது ஒன்றுதான். அதே துளை வழியாகக் கம்பியை விட்டு, குழாயைப் பின்னால் இழுத்து, திசையை மாற்றுவது. உள்ளே உறைவு இருந்தால் அதை நானே கிளப்பிவிடும் அபாயம் உண்டு. சிரிஞ்சை இழுத்துப் பார்த்தேன். ரத்தம் தடையில்லாமல் வந்தது. வீக்கமும் ஒரு நாள் வயதுதான். அதை நம்பி முடிவெடுத்தேன். சீஃப் உதட்டைப் பிதுக்கினார், ஆனால் போகவில்லை, சுவரோரம் நின்றார்.

லில்லி சிஸ்டர் இடது புறங்கையில் எங்கிருந்தோ ஒரு சிரையைத் தேடிப் பிடித்தார். டோபமினைச் சில நிமிடங்களுக்கு மட்டும் அங்கே மாற்றினோம். அதிக நேரம் ஓடினால் தோலைக் கருக்கிவிடும். சென்னியப்பனை இடது பக்கம் நிற்க வைத்தேன், முகமூடி இல்லாமல். விதியை இயற்றியவனே கழற்றச் சொன்னதும் லில்லி சிஸ்டர் கூரையைப் பார்த்தார். குத்தும் இடத்தைச் சுற்றிப் போர்த்தும் சுத்தத் துணியை மயிலாத்தாளின் முகத்தை மறைக்காமல் மடித்து விட்டோம், கணவனின் வாய் தெரியும்படி.

கம்பி, இழுப்பு, மறுபடி குழாய். உப்புநீரை அழுத்தினேன். சென்னியப்பனின் உதடு அசைந்தது.

“ஓடுதுங்க!” என்றார் மயிலாத்தாள்.

மறுபடி கழுத்துக்கே போயிருந்தது. ரத்த அழுத்தம் எண்பது. சீஃப் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். மறுபடி கம்பியை விட்டேன். குழாயை எலும்பு வரைக்கும் பின்னால் இழுத்தேன். கம்பியின் வளைந்த முனையைக் காலை நோக்கித் திருப்பினேன். கழுத்துச் சிரையின் வாய் குறுகட்டும் என்று, மயிலாத்தாளின் முகவாயை வலது தோளை ஒட்டி வரும்படி திருப்பச் சொன்னேன்; ஆனால் அப்படித் திருப்பினால் கணவன் கண்ணில் படமாட்டார். சென்னியப்பன் கேட்காமலேயே கட்டிலைச் சுற்றி ஓடிவந்து வலது பக்கம், தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். லில்லி சிஸ்டர் காறை எலும்புக்கு மேலே கழுத்துச் சிரையை விரலால் அழுத்தி அடைத்தார். எண்பது எழுபதாயிற்று. குழாய் போனது. உப்புநீரை அழுத்தினேன்.

பதில் இல்லை. இன்னொரு சிரிஞ்ச் முழுவதும் அழுத்தினேன். சென்னியப்பன் இரண்டு தடவை கேட்டார்.

“ஒண்ணையுங் காணமுங்க!” என்று கத்தினார் மயிலாத்தாள். “நின்னுபோச்சுங்க!”

டோபமினை உடனே குழாய்க்கு மாற்றினோம். காதர் பாய் பெரிய தட்டோடு வாசலிலேயே காத்திருந்தார். குழாய் இதயத்தின் வாசலில், சாதுவாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

கழுத்து வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. மூன்றாம் வாரம் அவர் பொது வார்டில் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் செய்ததை அதற்குள் சென்னியப்பனிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அவர் தலையை ஆட்டி, “அவகிட்டச் சொல்லிருங்க டாக்டருங்க, அவ காதுதானுங்களே,” என்றார். சொல்வதற்கு நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அன்று சீஃபோடு ரவுண்ட்ஸ். பின்னால் இளம் டாக்டர்கள், செவிலியர்கள், ஒரு வார்டு நிறைய நோயாளிகள், அவர்களின் சொந்தக்காரர்கள். சீஃப் பக்கத்துக் கட்டிலில் குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது அது மிக நாகரிகமான யோசனையாகத் தோன்றியது. மயிலாத்தாளின் முன் போய் நின்று, குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தேன்.

‘நீங்க சொன்னது நெசமுங்கம்மா. நான்தான் நம்பாம ஊசி போட்டுத் தூங்க வெச்சுட்டேன். தப்பு என்னுதுங்க.’

அவர் என் வாயைக் கூர்ந்து பார்த்தார். முழுவதும் புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“தப்பு உங்களுதுங்களா?” என்றார், ஆறு தறிக்கு மேலே பேசிப் பழகிய குரலில். “அட அதுக்கென்னங்க டாக்டருங்க! அதை எதுக்குங்க இத்தனை மெதுவாச் சொல்றீங்க?”

வார்டு முழுவதும் திரும்பியது. சீஃப் நிமிர்ந்தார். இளம் டாக்டர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அப்போது உங்கள் வயது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை குரலோடு.